மாட்டுக் கொள்ளைநோயும் அரசாங்க நட்டஈடும்

மாடு என்னும் சொல் பழந்தமிழிலே செல்வத்தையும் குறிக்கும். இலத்தீன் மொழியிலும் பணத்துக்குரிய ‘பெக்கூனியா’ என்னும் சொல், கால்நடையைக் குறிக்கும் ‘பெக்குஸ்’ என்னும் சொல்லின் வழியே பிறந்தது. உறவில்லாத இரு மொழிகள் இவ்வாறு ஒத்துப்போவதில் வியப்பொன்றும் இல்லை. உழவுக்கு உதவுவதும், பால் தருவதும், வயலுக்கு எரு இடுவதும் ஆகிய மாட்டிலும் பார்க்கக் கண்கூடான செல்வம் பண்டை உழவனுக்கு வேறு இருந்ததில்லை. அச்செல்வத்தை, அதிலும் நோயின் குறி எதுவும் இன்றிப் புல் மேய்ந்துகொண்டு நிற்கும் மாட்டை, அரசாங்கத்தின் ஆள் ஒருவர் வந்து, “இதனைக் கொல்லுதல் வேண்டும்” என்று கூறுவாராயின் உடையவன் என்ன செய்வான்? அவனுக்கு அரசாங்கம் என்ன கொடுத்தல் வேண்டும்?

இக்கேள்விக்கு ஐரோப்பிய அரசாங்கங்கள், சிறப்பாக இங்கிலாந்தின் அரசாங்கம், ஏறக்குறைய முந்நூறு ஆண்டுகளாக வெவ்வேறு விடைகளைக் கண்டு, சிலவற்றைக் கைவிட்டு, கைவிட்டவற்றை மீண்டும் எடுத்துக்கொண்டு வந்திருக்கின்றன. அவ்வரலாற்றை இன்று சிறிது பார்ப்போம். நட்டஈடு என்றவுடன் அது துன்பப்பட்டவனுக்கு இரங்கிக் கொடுக்கும் உதவி என்றே நம்மிற் பலர் எண்ணுவோம். கால்நடை நோய்களைப் பொறுத்தவரை அவ்வெண்ணம் பாதி உண்மையே. இங்கு அரசாங்கம் பணம் கொடுத்து வாங்குவது இறந்த மாட்டையன்று. “என் தொழுவத்தில் நோய் வந்துவிட்டது” என்று கமக்காரன் தானாகவே வந்து சொல்லும் அந்த ஒரு செய்தியையே அது வாங்குகின்றது.

உலகம் ‘ரிண்டர்பெஸ்ட்’ என்று அழைத்ததும், தமிழில் வெக்கை நோய் என வழங்கியதும் ஆகிய மாட்டுக் கொள்ளைநோயின் தன்மையை அறிந்தால் இது விளங்கும். நோய் தொற்றிய மாடு சில நாள்கள் வரை நல்ல மாடு போலவே தோன்றும். பின்னர்க் கடுங்காய்ச்சல் காணும், கண்ணிலும் மூக்கிலும் நீர் வடியும், வாயிலே புண் உண்டாகும், கழிச்சல் தொடங்கும். அதற்குப் பின் ஒரு கிழமை, மிஞ்சினால் இரு கிழமைக்குள் பெரும்பாலான மாடுகள் மாண்டுபோகும். இந்நோய்க்கு மருந்து இருந்ததில்லை. ஆகவே, நோய் தொற்றியதற்கும் மாடு விழுவதற்கும் இடையே உடையவனுக்குக் கிடைக்கும் சில நாள்களிலேதான் நாட்டின் தலைவிதி தங்கியிருந்தது எனலாம். அந்நாள்களில் அவன் அதிகாரிக்குச் செய்தி அனுப்பலாம். அல்லது ஒன்றும் அறியாதவன் போலச் சந்தைக்கு மாட்டை ஓட்டிச் சென்று, கிடைத்த விலைக்கு விற்றுவிட்டு வரலாம். விற்ற மாடு நோயையும் உடன் கொண்டு அயலூருக்குச் செல்லும்.

18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இக்கொள்ளைநோய் ஐரோப்பாக் கண்டம் எங்கும் பரவியது. உரோமாபுரியிலே பாப்பரசர் 11ஆம் கிளெமெந்தின் வைத்தியராக இருந்தவர் லான்சீசி என்பவர். நோய்ப்பட்ட மாடுகளுக்கு மருந்து கொடுத்துக் காலம் கழித்தல் வீண். அவற்றையும் நோய் ஐயமுள்ளவற்றையும் உடனே கொன்று புதைத்தலே வழி என்று அவர் ஆலோசனை கூறினார். கருதினால்மார் முதலில் இதனை ஏற்கத் தயங்கினர். பின்னர் ஏற்றுக்கொண்டபோது, கட்டளையை மீறியோருக்கு மரணதண்டனை வரை விதிக்கும் ஆணைகள் பிறந்தன. தம் அனுபவத்தை லான்சீசி 1715ஆம் ஆண்டில் ஒரு நூலாக வெளியிட்டார். கால்நடை வைத்திய வரலாற்றில் அந்நூலுக்கு உயர்ந்த இடம் உண்டு.

இலண்டன் கண்ட வழி வேறு. 1714ஆம் ஆண்டுக் கோடையில் நகரின் வடக்கே இஸ்லிங்டன் என்னும் ஊரில் நோய் வெளிப்பட்டது. இன்று நகரின் நடுப்பகுதியோடு ஒட்டிவிட்ட இஸ்லிங்டன், அக்காலத்திற் புல்வெளிகள் சூழ்ந்த பால்காரர் ஊர். தலைநகரின் பால் பெரும்பாலும் அங்கிருந்தே சென்றது. ஆன் அரசியார் ஆகஸ்து மாதம் முதலாம் நாள் காலமாகி, புதிய மன்னர் முதலாம் ஜோர்ஜ் ஜெர்மனியிலிருந்து வந்து சேராத நேரம் அது. அரண்மனைச் சத்திரவைத்தியர் தோமஸ் பேற்ஸ் என்பவரிடம், சென்று பார்த்து வழி கூறுமாறு பணிக்கப்பட்டது. பேற்ஸ் மாட்டு வைத்தியர் அல்லர். ஆயினும் மனிதரை அறிந்தவர். நோயுற்ற மாடுகளை எல்லாம் அரசாங்கமே பெற்றுக் கொன்று எரித்துவிட வேண்டும். அவை நின்ற கொட்டில்களைக் கழுவித் தூய்மை செய்ய வேண்டும். மிகுந்த மாடுகளைச் சிறு சிறு கூட்டமாகப் பிரித்து வைக்க வேண்டும் என்று திட்டம் வகுத்த அவர், எரிக்கப்படும் மாடு ஒன்றுக்கு உடையவனுக்கு 40 சில்லிங் கொடுத்தல் வேண்டும் என்பதையும் உடன் சேர்த்தார்.

40 சில்லிங் என்பது 2 பவுண். நல்ல கறவை மாட்டின் விலைக்கு இது எவ்விதத்திலும் ஈடாகாது. ஆனால் சாகப்போகின்ற மாட்டின் தோலுக்கும் இறைச்சிக்கும் களவாகக் கிடைக்கக்கூடிய காசோடு ஒப்பிட்டால் இது கைந்நிறைந்த தொகை. பேற்ஸின் நுட்பம் இங்கேதான் உள்ளது. மாட்டின் முழு விலையைக் கொடுக்க அவர் முற்படவில்லை. பொய் சொல்வதனால் வரும் ஆதாயத்திலும் பார்க்க, மெய் சொல்வதனால் வரும் ஆதாயம் சற்று மிகுந்திருக்குமாறு மட்டும் பார்த்துக்கொண்டார். ஏறக்குறைய 6,000 மாடுகளின் இழப்போடு நோய் ஒரு சில மாதங்களில் அடங்கியது. அயல் நாடுகளில் இலட்சக்கணக்கில் மாடுகள் மடிந்த காலத்தில் இது சிறிய வெற்றியன்று. உரோமாபுரி கயிற்றைக் காட்டிச் செய்ததை இலண்டன் காசைக் காட்டிச் செய்தது.

நோய் 1745இல் மீண்டும் வந்தபோது அடுத்த ஆண்டிலேயே சட்டம் இயற்றப்பட்டது, நட்டஈடும் கொடுக்கப்பட்டது. ஆனால் இம்முறை நோய் பத்தாண்டுக்கு மேலாக நாட்டை விட்டு அகலவில்லை. காரணம் தேடத் தொலைவு செல்ல வேண்டியதில்லை. 1714இல் நோய் தலைநகரின் அயலிலே ஒரு சில ஊர்களில் நின்றது. பேற்ஸ் அவற்றை ஒரு நாளிற் சுற்றிப் பார்க்க முடிந்தது. பின்னைய நோயோ பல மாவட்டங்களிற் பரந்தது; கட்டளைகளை நடத்த வேண்டியவர்கள் சம்பளமில்லாத சமாதான நீதவான்கள். ஒரு மாவட்டத்தில் மூடிய சந்தை அடுத்த மாவட்டத்தில் திறந்திருந்தது. பணம் மட்டும் கொடுத்து, மாடுகளின் நடமாட்டத்தைத் தடுக்காது விட்டால் பயனில்லை என்பது அன்று வெளிப்பட்ட உண்மை. இது நன்கு நினைவில் வைத்திருக்க வேண்டியதொன்றாயினும், நூறாண்டு செல்லுமுன் இங்கிலாந்து அதனை அடியோடு மறந்துவிட்டது.

நேயர்களே, இனி 1865ஆம் ஆண்டுக்கு வருவோம். இவ்வரலாற்றின் நடுநாயகமான பகுதி இதுவே.

அவ்வாண்டு மே மாத முடிவில், பால்டிக் கடற்கரையிலுள்ள ரெவெல் துறையிலிருந்து, அதாவது இன்றைய எஸ்தோனியாவின் தலைநகராகிய தாலினிலிருந்து, ‘தொன்னிங்’ என்னும் கப்பல் இங்கிலாந்தின் கிழக்குக் கரையிலுள்ள ஹல் துறைமுகத்தை அடைந்தது. அதில் முந்நூறுக்கு மேற்பட்ட மாடுகள் இருந்தன. அவற்றுட் பல இலண்டனின் பெருஞ்சந்தைக்கு அனுப்பப்பட்டன. சில கிழமைகளில் இஸ்லிங்டனிலும் அயலிலும் இருந்த பால்மாட்டுக் கொட்டில்களிலே கறவை மாடுகள் விழத் தொடங்கின. 1714இல் நோய் தொடங்கிய அதே இஸ்லிங்டன்! நோயைக் கொண்டுவந்தது அந்தக் கப்பலே என்று அன்று பலரும் நம்பினர். நோய் இன்னதென்று அரச மிருக வைத்தியக் கல்லூரிப் பேராசிரியர் சைமன்ட்ஸ் இனங்கண்டு கூறினார். இப்படியொரு நாள் வரும் என்று ஜோன் கம்ஜி என்னும் மிருக வைத்தியர் முன்னரே எச்சரித்திருந்தார். அவர் கூற்றைச் செவிமடுத்தவர் சிலரே.

ஒரு நூற்றாண்டாக நோயைக் கண்டிராத அரசாங்கத்திடம் அதனைத் தடுக்கத்தக்க கருவி எதுவும் இருக்கவில்லை. சட்டப் புத்தகத்தைப் புரட்டி, பிரிவிக் கவுன்சிலின் கட்டளைகள் மூலம் ஆய்வாளரை நியமித்தனர். நோயுற்ற மாட்டைக் கொல்லும் அதிகாரமும் அவர்களுக்கு அளிக்கப்பட்டது. ஆனால் கொல்லப்பட்ட மாட்டுக்கு ஒரு பென்னி தானும் கொடுப்பதற்கு வழி செய்யப்படவில்லை.

இக்கட்டளையைப் பால்காரன் ஒருவனின் கண்கொண்டு நோக்குவோம். அவனிடம் இருபது மாடுகள் உள்ளன என வைத்துக்கொள்வோம். காலையில் ஒரு மாடு தீனி தின்ன மறுத்து நடுங்கி நிற்கின்றது. ஆய்வாளருக்கு அறிவித்தால் அந்த மாடு கொல்லப்படும். ஏனையவற்றை அசைக்கவும் இடமில்லாது போகும். அவையும் ஒன்றன்பின் ஒன்றாக விழும். கையில் ஒன்றும் மிஞ்சாது. அறிவிக்காமல் விட்டாலோ, நடுங்கும் மாட்டை இரவோடு இரவாக இறைச்சிக்காரனிடம் தள்ளிவிடலாம்; நலமாகத் தோன்றும் பத்தொன்பதையும் விடியுமுன் சந்தைக்கு ஓட்டிவிடலாம். இதிலே எதனைத் தெரிவான் என்று கூற நாம் சோதிடம் பார்க்க வேண்டியதில்லை. அவ்வாறே நடந்தது. இலண்டன் சந்தையிலிருந்து வாங்கிய மாடுகளோடு நோய் புகையிரத வண்டியில் ஏறி நாடெங்கும் சென்றது. 1745இல் மாடு காலால் நடந்து கொண்டுசென்ற நோயை 1865இல் நீராவி இழுத்துச் சென்றது. சட்டம் கடுமையாக இருந்ததனாலேயே நோய் பரவியது என்பது முரணாகத் தோன்றலாம். ஆனால் கொட்டிலின் கதவைத் திறந்து காட்டுபவனுக்கு மட்டும் தண்டனையும், மூடி மறைப்பவனுக்கு ஆதாயமும் தரும் சட்டத்தினால் வேறென்ன விளையும்?

அக்காலத்து அறிஞர்களுக்குள்ளும் ஒருமைப்பாடு இல்லை. நோய் வெளியிலிருந்து தொற்றி வருவதா, அழுக்கடைந்த நகரக் கொட்டில்களிலே தானாகத் தோன்றுவதா என்று வாதிட்டனர். வைரசு என்னும் பொருளைப் பற்றி எவரும் அறியாத காலம். ஓமியோபதி வைத்தியர் தம் உருண்டைகளைப் பரிந்துரைத்தனர். கமக்காரர் சிலர் வெங்காயத்தை மாலையாகக் கட்டிக் கொட்டிலிலே தொங்கவிட்டனர். கோவில்களிலே சிறப்பு வழிபாடுகள் நடந்தன. நம் ஊர்களில் மாட்டுக்கு நோய் வந்த காலத்தில் நேர்த்திக்கடன் வைத்த பெரியோரை நினைவுகூர்வோர்க்கு இது நகைப்புக்கு இடமாகாது.

ஏர்ல் ஸ்பென்சர் தலைமையில் ஓர் அரச ஆணைக்குழு அமைக்கப்பட்டது. றொபேட் லோ, இரசாயனப் பேராசிரியர் லயன் பிளேபெயர், பிற்காலத்திற் சோல்ஸ்பரி பிரபுவாகிப் பிரதமராக வந்த கிரான்போண் முதலியோர் அதில் இருந்தனர். நாடு முழுவதிலும் மாடுகளின் நடமாட்டத்தைச் சில காலம் அறவே நிறுத்த வேண்டும் என்று பெரும்பான்மையோர் ஒக்டோபர் மாதத்திற் கூறினர். அரசாங்கம் தயங்கியது, பொறுப்பை உள்ளூர் அதிகாரிகளிடம் விட்டது. தயங்கிய ஒவ்வொரு கிழமையும் ஆயிரக்கணக்கான மாடுகளைத் தின்றது.

இந்த இருளிலே ஒரு மூலையில் மட்டும் விளக்கு எரிந்தது. ஸ்கொத்லாந்தின் வடகிழக்கிலுள்ள அபடீன் மாவட்டம் இறைச்சி மாடுகளுக்குப் பேர்பெற்றது. அங்கே கரிய நிறமுள்ள கொம்பில்லா மாடுகளை வளர்த்துப் புகழடைந்த வில்லியம் மக்கொம்பி முதலியோர் அரசாங்கத்தை எதிர்பார்த்திருக்கவில்லை. நிலவுடைமையாளரும் குத்தகைக் கமக்காரரும் குத்தகைப் பெறுமதியில் பவுணுக்கு இத்தனை என்று தாமாகவே வரி விதித்துக்கொண்டு ஒரு நிதி சேர்த்தனர். நோய் தலைகாட்டிய கமங்களிலே மாடுகளை உடனே கொன்று, உடையவனுக்கு அந்நிதியிலிருந்து ஈடு கொடுத்தனர். நோய் அங்கு பலமுறை புகுந்தும் வேரூன்ற முடியவில்லை. மக்கொம்பி பின்னர் எழுதிய நூலில் இவ்விவரத்தைச் சொல்லியிருக்கின்றார். இதனைப் படிக்கும்போது எனக்கு மிகவும் வியப்பளிப்பது தொகையன்று. நோய் வராத கமக்காரன் நோய் வந்தவனுக்காகக் காசு கொடுக்க முன்வந்ததே. அவன் தருமம் செய்யவில்லை. தன் வேலிக்கு அப்பாலே நோய் நிற்கட்டும் என்று கூலி கொடுத்தான். கூட்டாகக் கிணறு இறைப்போர் அறிந்த கணக்குத்தான் இது.

1866ஆம் ஆண்டு பெப்ரவரி மாதத்திற் கிழமையொன்றில் நோய்ப்பட்ட மாடுகளின் தொகை ஏறக்குறைய 18,000 ஆக உயர்ந்தது. பாற்கட்டிக்குப் பேர்போன செஷயர் மாவட்டத்தில் தொழுவங்கள் வெறுமையாயின. அரசாங்கம் அதன் பின்னரே விழித்துக்கொண்டது. உள்நாட்டு மந்திரி சேர் ஜோர்ஜ் கிரே கொண்டுவந்த மசோதா சில நாள்களிலேயே பாராளுமன்றத்தைக் கடந்து, பெப்ரவரி 20ஆம் நாள் சட்டமாயிற்று. நோய்ப்பட்ட மாடுகளைக் கட்டாயமாகக் கொல்ல வேண்டும். அவ்வாறு கொல்லப்படும் மாட்டுக்கு, நோய் வருமுன் இருந்த பெறுமதியிற் பாதி, 20 பவுணுக்கு மேற்படாமல், நட்டஈடாகக் கொடுக்கப்படும். நோயாளி மாட்டோடு நின்றமையால் முன்னெச்சரிக்கையாகக் கொல்லப்படும் நல்ல மாட்டுக்கோ பெறுமதியில் முக்கால் பங்கு, 25 பவுணுக்கு மேற்படாமல், கொடுக்கப்படும்.

பாதி, முக்கால் என்னும் இந்த வேறுபாடு கருத்தோடு செய்யப்பட்டது. சாகப்போகும் மாட்டுக்கு முழு விலை கொடுத்தால், மாட்டுக்கு நோய் வரட்டும் என்று ஒருவன் விரும்பவும் கூடும். தொற்று வராமற் காக்கும் கவனத்தையும் கைவிடுவான். ஒன்றும் கொடாவிட்டால் மறைப்பான். இவ்விரு தீமைகளுக்கும் நடுவே ஓரிடத்தைச் சட்டம் தேடியது. நல்ல மாட்டை இழப்பவனுக்குக் கூடிய பங்கு தருவதும் நியாயமே. அவன் இழப்பது பிறர் நன்மைக்காக.

இப்பணம் யாருடைய கையிலிருந்து வருவது என்பதிலேதான் பெரும் வாக்குவாதம் எழுந்தது. 1865இல் வெஸ்ற்மின்ஸ்ரர் தொகுதியிலிருந்து தெரிவுசெய்யப்பட்டிருந்த தத்துவஞானி ஜோன் ஸ்ருவாட் மில் பாராளுமன்றத்தில் முதன்முதலாக எழுந்து பேசியது இவ்விடயம் பற்றியே என்பது பலருக்குப் புதுமையாக இருக்கலாம். சுதந்திரத்தைப் பற்றி எழுதிய பேரறிஞர் மாட்டு நோயைப் பற்றியா பேசினார் என்று கேட்கலாம். ஆனால் அவர் எடுத்துக்கொண்ட நியாயம் ஆழமானது. மாடுகள் குறைந்தால் இறைச்சியும் பாலும் விலையேறும். அவ்விலையேற்றத்தினாலே, மாடு தப்பிய கமக்காரர் இலாபம் அடைவர். பொருளை வாங்கும் ஏழைத் தொழிலாளி ஏறிய விலையையும் கொடுத்து, நட்டஈட்டுக்கான வரியையும் கொடுப்பதா? ஒரு வகுப்பார் தம் இழப்பை மற்றையோர் தலையிற் சுமத்துவதா? மேலும், நட்டஈட்டுப் பணத்தை அவ்வம் மாவட்ட வரியிலிருந்தே எடுப்பதென்றால், நோயினால் மிக நலிந்த மாவட்டமே மிகுதியாக வரி கொடுக்க நேரும் என்பதையும் அவர் எடுத்துக்காட்டினார். றொபேட் லோவும் மசோதாவைக் கடுமையாகச் சாடினார். நில உடைமையாளர் நிறைந்த அச்சபையில் இவர்கள் சொல் பெரிதும் எடுபடவில்லை. பணம் உள்ளூர் வரியிலிருந்தே எடுக்கப்பட்டது. மில் சொன்னவாறே, செஷயர் மாவட்டம் ஈடு கொடுப்பதற்காகக் கடன் வாங்கி, அதனைப் பல ஆண்டுகளாக அடைக்க வேண்டியதாயிற்று.

எனினும் சட்டம் பலித்தது. கட்டாயக் கொலையும், நட்டஈடும், மாடுகளின் நடமாட்டத் தடையும் மூன்றும் ஒருங்கே நடைமுறைக்கு வந்தவுடன் நோயின் வேகம் முறிந்தது. பெப்ரவரியிற் கிழமைக்குப் பதினெண்ணாயிரமாக இருந்த தொகை கோடையில் நூற்றுக்கணக்காகக் குறைந்தது. ஆண்டு முடிவில் விரல்விட்டு எண்ணத்தக்கதாயிற்று. 1867இல் நோய் ஒழிந்தது. பதிவுக்கு வந்த கணக்கின்படி நோய்ப்பட்ட மாடுகள் 2,78,000க்கு மேல்; பதிவுக்கு வராமல் மறைந்தவை எத்தனை என்பதை மறைத்தவர்களே அறிவர். 1714இல் ஒரு சத்திரவைத்தியர் சில கிழமைகளிற் கண்டறிந்ததை மீண்டும் கண்டறிய ஒரு பேரரசுக்கு எட்டு மாதம் சென்றது.

பணம் எல்லாவிடத்தும் வழிதிறக்கும் என்று எண்ணிவிடலாகாது. முப்பது ஆண்டு கழித்து, 1896இல், இதே கொள்ளைநோய் ஆபிரிக்காவின் வடகிழக்கிலிருந்து இறங்கிச் சாம்பெசி ஆற்றைக் கடந்து தென்பகுதியை அடைந்தது. இங்கிலாந்திற் பலித்த முறையென்று கருதி அங்கும் துப்பாக்கியை எடுத்தனர். ரொடீசியாவிலே, 1893ஆம் ஆண்டுப் போரின் பின் பெரும்பாலான மாடுகளைப் பறிகொடுத்திருந்த இந்தெபெலே மக்கள், மிஞ்சிய மாடுகளும் சுடப்படுவதைக் கண்டனர். நிலத்தையும் மாட்டையும் முன்னரே கவர்ந்த அதே கைகள் இன்று நோயைக் காட்டிச் சுடுகின்றன என்று அவர்கள் எண்ணியதிற் பிழை காண இயலாது. அவ்வாண்டு மார்ச் மாதத்திற் கிளர்ச்சி மூண்டதற்கு இதுவும் ஒரு காரணம் என வரலாற்றாசிரியர் கூறுவர். கேப் குடியேற்ற நாட்டின் வடக்கேயும் ஒதுக்கிடத்தின் வேலிக்கு வெளியே காணப்பட்ட மாடுகள் சுடப்பட்டதிலிருந்து தொடங்கிய கலகம், 1897ஆம் ஆண்டு வரை நீண்டது. அம்மக்களுக்கு மாடு என்பது மணப்பரிசு, முன்னோர் வழிபாடு, தலைமையின் அடையாளம். அங்கே எழுந்த கேள்வி எவ்வளவு பணம் என்பதன்று. கேட்பவன் யார் என்பதே.

இந்தியாவிலும் இங்கிலாந்தின் முறை பொருந்தவில்லை. இந்தியக் கால்நடைக் கொள்ளைநோய்களைப் பற்றி ஆராய்ந்த ஆணைக்குழு 1871இல் அறிக்கை வெளியிட்டது. பசுவைப் போற்றும் மக்களிடையே, ஓரிணை எருதை நம்பி உழும் கோடிக்கணக்கான சிற்றுழவர் வாழும் நாட்டில், கொன்று ஈடு கொடுப்பது நடவாத காரியம். ஆகவே இங்கு வழி வேறாயிற்று: முக்தேஸ்வரம் ஆய்வுநிலையத்திலே 1920களில் எட்வேட்ஸ் என்பவர் ஆட்டின் உடலிற் செலுத்தி வலிகுறைத்த நோய்க்கிருமியைக் கொண்டு தடுப்புமருந்து உண்டாக்கினார். 1954இல் இந்தியா முழுவதற்குமான ஒழிப்புத் திட்டம் தொடங்கியது. இலங்கையில் இந்நோய் இறுதியாக 1994இலும், இந்தியாவில் 1995இலும் காணப்பட்டன. 2011ஆம் ஆண்டில், உலகத்திலிருந்தே இது ஒழிந்துவிட்டதாக அறிவிக்கப்பட்டது. மனிதருக்கு வரும் பெரியம்மைக்குப் பின் மனித முயற்சியால் முற்றாக ஒழிக்கப்பட்ட இரண்டாவது நோய் இதுவே. அந்த முயற்சியிற் பெரும்பங்கு தடுப்பூசிக்கு உரியது, துப்பாக்கிக்கன்று.

மீண்டும் இங்கிலாந்துக்குச் செல்வோம். பாதி விலையா முழு விலையா என்ற பழைய வழக்கு 1988இல் புதிய வடிவத்தில் எழுந்தது. மாட்டின் மூளையைத் துளைத்து அதனைப் பித்துப் பிடித்ததுபோல் தள்ளாடச் செய்யும் நோயொன்று 1986இல் இனங்காணப்பட்டிருந்தது. மக்கள் அதனைப் பைத்திய மாட்டு நோய் என்றனர். 1988ஆம் ஆண்டு ஆகஸ்து மாதத்திலிருந்து ஐயத்துக்குரிய மாடுகளைக் கொல்லக் கட்டளை பிறந்தது. கொன்றபின் சோதித்து, நோய் உண்டென்று உறுதியானாற் பாதி விலையும், இல்லையென்றால் முழு விலையும் என்று விதித்தனர். 1866ஆம் ஆண்டுச் சட்டத்தின் சாயலை இதிற் காணலாம். ஆனால் நிலைமை ஒன்றன்று. 1866இல் நோய்ப்பட்ட மாடு ஒரு கிழமையில் தானே விழும். ஆகவே பாதியும் ஆதாயம். இந்நோயோ மெல்ல மெல்ல வருவது. முதற் குறி தோன்றியவுடன் மாட்டை இறைச்சிக்கு அனுப்பிவிட்டால் அதனைக் கண்டுபிடிப்பது கடினம். பாதி விலை கொடுப்பது மறைப்பதற்குக் கொடுக்கும் தூண்டுதல் என்று கண்டனம் எழுந்தது. 1990 பெப்ரவரியில் அரசாங்கம் முழு விலை கொடுக்க இசைந்தது. இடைப்பட்ட பதினெட்டு மாதத்தில் உண்மையில் எத்தனை மாடுகள் மறைக்கப்பட்டன என்பதில் இன்றும் கருத்து வேறுபாடு உண்டு. 1996 மார்ச் மாதத்தில், மனிதருக்கு வந்த ஒரு கொடிய மூளை நோய்க்கும் இந்நோய்க்கும் தொடர்பு இருத்தல் கூடும் என்று அரசாங்கம் பாராளுமன்றத்தில் அறிவித்தபோது, அந்தப் பதினெட்டு மாதமும் மக்கள் மனத்தில் வேறு பொருள் கொண்டது.

முழு விலை என்றவுடன் சிக்கல் தீர்ந்ததா? 2001ஆம் ஆண்டு, கால்வாய் நோய் இங்கிலாந்திற் பரவியபோது மறுபக்கம் வெளிப்பட்டது. அவ்வாண்டு 60 இலட்சத்துக்கு மேற்பட்ட கால்நடைகள் கொல்லப்பட்டன. செம்மறிகளே அவற்றுட் பெரும்பகுதி. சட்டப்படி, நோய் வருமுன் இருந்த சந்தை விலையைக் கொடுத்தல் வேண்டும். ஆனால் சந்தைகள் மூடியிருக்கும்போது சந்தை விலை ஏது? மதிப்பீட்டாளர் ஒருவர் வந்து விலை குறித்த பின்னரே கொல்லலாம். அவர் வரும் வரை நோயாளி மாடு காற்றிலே கிருமியைப் பரப்பிக்கொண்டு நிற்கும். தாமதத்தைத் தவிர்க்க எண்ணி, மார்ச் மாதத்தில் அரசாங்கம் ஒவ்வொரு வகைக் கால்நடைக்கும் நிலையான விலைப்பட்டியல் ஒன்றை வெளியிட்டது. விரும்பியவர் பட்டியல் விலையைப் பெறலாம். விரும்பாதவர் மதிப்பீட்டாளரை அழைக்கலாம். விளைவு யாதெனில், பட்டியல் விலையை எல்லாரும் அடித்தளமாகக் கொண்டு அதற்கு மேலே கேட்கத் தொடங்கினர். பெரும்பாலோர் மதிப்பீட்டாளரையே அழைத்தனர். நாள் செல்லச் செல்ல விலை ஏறியது. கொல்லப்பட்ட கால்நடைகளுக்காகக் கொடுத்த நட்டஈடு மட்டும் நூறு கோடிப் பவுணைத் தாண்டியது. தேசிய கணக்காய்வு அலுவலகம் அடுத்த ஆண்டிலே இதனை விரிவாக ஆராய்ந்து எழுதியது. நோய்ப்பட்டவனுக்கு முழு விலை கொடுத்தால் கவனம் குறையும் என்று 1866இல் அஞ்சியவர்களை இவ்விடத்தில் நினைக்காமலிருக்க முடியாது.

ஆயினும் அவ்வாண்டின் உண்மையான மனக்குறை ஈடு பெற்றவர்களிடம் இருந்து எழவில்லை. நோய் வந்த கமத்தில் மாடுகள் கொல்லப்பட்டன. உடையவனுக்குக் காசு வந்தது. வேலிக்கு இப்பாலிருந்த அயலவனின் ஆடுமாடுகள் நலமாக இருந்தன. ஆனால் தடை நீங்கும் வரை ஒன்றையேனும் விற்க முடியாது, புல் முடிந்த வயலிலிருந்து புல்லுள்ள வயலுக்கு ஓட்டவும் முடியாது. குட்டி ஈனும் காலத்திலே சேற்றில் நின்ற செம்மறிகளைப் பார்த்துக்கொண்டிருந்த அவர்களுக்காக, விலங்குகளின் துன்பத்தைத் தீர்க்கும் வகையில் அவற்றை ஏற்றுக் கொன்று பணம் கொடுக்கும் தனித் திட்டம் ஒன்றை அரசாங்கம் பின்னர் வகுக்க நேர்ந்தது. அதில் முதலிற் குறித்த தொகை தாராளமாக இருந்தமையால் விண்ணப்பங்கள் வந்து குவிந்தன. மாடுகளுக்கு வழங்கிய ஈடு, விற்க இயலாது கழிந்த மாதங்களுக்கோ, வெறுமையான தொழுவத்தில் மீண்டும் ஒரு பட்டியை உண்டாக்கும் வரை வராத பாற்காசுக்கோ கொடுக்கப்படவில்லை.